எட்டுப் போடத் தெரியும்... வட்டம் போடத் தெரியுமா?

குறுவை அறுவடை முடிகிற நேரத்தில் என் சித்தப்பாவுக்குக் கால் முறிந்தது. வயலில் இல்லை, வரப்பில் வழுக்கி விழுந்தும் இல்லை. ஊரிலிருந்து டவுனுக்குள் நுழைகிற வழியில் உள்ள ஒரு ரவுண்டானாவில்.

கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருந்த நெல் திறந்து கிடந்தது. மேற்கே வானம் கறுத்துவிட்டது. தார்ப்பாய் வாங்க எக்ஸ்எல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் போக வேண்டிய கடை, ரவுண்டானாவுக்கு வலது பக்கம் பிரியும் சாலையில். முறைப்படி போனால் வட்டத்தை முக்கால் சுற்று சுற்ற வேண்டும். குறுக்கே வலது பக்கம் திரும்பினால் கால் சுற்றுதான். முப்பது வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். அன்றும் போனார். அந்தச் சாலையிலிருந்து ஒரு மினி வேன் ரவுண்டானாவுக்குள் நுழைந்தது.

மருத்துவமனைப் படுக்கையில் சித்தப்பா சொன்னது: "அந்தப் பய என்னைப் பாக்கவே இல்லடா."

இரண்டு நாள் கழித்து அந்த வேன் ஓட்டிய பையன் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து நின்றான். முகமெல்லாம் வெளுத்திருந்தது. அவன் சொன்னது: "ஐயா, நான் வலது பக்கம்தான் பார்த்துட்டு வந்தேன். இடது பக்கத்துலேருந்து ஆள் வரும்னு நான் நினைக்கவே இல்ல."

இருவர் சொன்னதும் உண்மை. ரவுண்டானா பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த இரண்டு வாக்கியங்களிலேயே இருக்கிறது. குறுக்கே போய் சித்தப்பா மிச்சம் பிடிக்கப் பார்த்தது கூடிப்போனால் ஐம்பது மீட்டர், பத்து விநாடி. அதற்கு அவர் கொடுத்தது காலில் ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ. அந்த வருடம் தாளடி நடவைச் சித்திதான் முன்னால் நின்று முடித்தார்.

நம்மில் பெரும்பாலானவர்கள் ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியவர்கள்தான். அதற்குப் பிறகு ரோட்டில் யாரும் நம்மை எட்டுப் போடச் சொல்வதில்லை. ஆனால் வட்டம் தினமும் போட வேண்டியிருக்கிறது. அதை எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லிக்கொடுத்த ஞாபகம் உங்களுக்கு இருக்கிறதா? எனக்கு இல்லை.

வலம் வர வேண்டிய இடம்

பெரிய கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பிராகாரத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சந்நிதி நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். குழந்தைகூட அப்படித்தான் ஓடும். ரவுண்டானாவும் அதேதான். நடுத்திட்டு எப்போதும் நம் வலது பக்கம் இருக்க வேண்டும். நாம் சாலையின் இடது பக்கம் வண்டி ஓட்டுகிற நாடு என்பதால், உள்ளே நுழையும்போது இடது பக்கம் வளைந்து, கடிகார முள் போகிற திசையில் சுற்றித்தான் ஆக வேண்டும். அப்பிரதட்சணத்துக்கு அங்கே இடமே இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரவுண்டானாவின் பாதுகாப்பு முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. நுழைகிறவருக்கு வண்டிகள் வலது பக்கத்திலிருந்து மட்டும்தான் வரும் என்ற நம்பிக்கை அது. ஒரே ஒரு திசையைப் பார்த்தால் போதும் என்பதால்தான் சிக்னலும் போலீஸும் இல்லாமல் வேலை நடக்கிறது. 'பக்கத்துலதானே, எதிர்ல யாரும் வரல' என்று குறுக்கே போகிறவர், யாருமே பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறார். வேன்காரப் பையன் கண்ணில் சித்தப்பா படாமல் போனது இதனால்தான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டுவதை அபாயகரமான ஓட்டுதல் என்ற குற்றத்திலேயே சேர்த்துவிட்டார்கள். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறைக்கும் இடமுண்டு. ஆனால் அபராதத்துக்குப் பயந்து சுற்றிப் போகிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. கால் முறிந்தவரைப் பார்த்துவிட்டுச் சுற்றிப் போகிறவர்கள் எங்கள் தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள்.

யார் முதலில் போவது?

கணவர் கட்டிலில் கிடந்த அந்த மூன்று மாதத்தில் சித்தி ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார். வயது நாற்பத்தெட்டு. உரக்கடை, பேங்க், கொள்முதல் நிலையம் என்று எல்லாவற்றுக்கும் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்க முடியவில்லை. ஊருக்குள் நன்றாகவே ஓட்டினார். ரவுண்டானா என்றால் மட்டும் கை நடுங்கியது. அதைத் தவிர்க்க இரண்டு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரவுண்டானாவை ஒட்டிய டீக்கடையில் அவரை உட்கார வைத்தேன். "ஓட்ட வேண்டாம் சித்தி. சும்மா ஒரு மணி நேரம் பாருங்க" என்றேன். டீயை ஆற்றிக்கொண்டே பார்த்தவர், பத்தாவது நிமிடம் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. யாரு முதல்ல போவணும்? அது மட்டும் எனக்குச் சொல்லு."

ரவுண்டானாவில் இருக்கிற ஒரே கேள்வி அதுதான். பதில்: ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர் முதலில். வெளியிலிருந்து நுழைகிறவர் நின்று வழிவிட வேண்டும். பெரிய வண்டி, சின்ன வண்டி, அரசு பஸ், கார் என்ற பேதம் கிடையாது. உள்ளே சுற்றுவது சைக்கிளாக இருந்தாலும், நுழையக் காத்திருக்கும் லாரிதான் நிற்க வேண்டும். மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் ரவுண்டானாவில் உள்ளே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை கொடுக்கின்றன. சில இடங்களில் நுழைவாயிலில் தலைகீழ் முக்கோணப் பலகையோ, விட்டு விட்டுப் போட்ட வெள்ளைக் கோடுகளோ இருக்கும். 'வழிவிடு' என்று அதற்கு அர்த்தம். பலகை இல்லாத இடத்திலும் இப்படித்தான் ஓட்ட வேண்டும்.

இதன் காரணத்தை டெல்டாக்காரர்களுக்குப் புரியவைப்பது சுலபம். வடிகால் அடைத்துக்கொண்ட வயலில் மடையைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் போக இடமில்லாமல் வரப்பை உடைக்கும். ரவுண்டானாவும் அப்படித்தான். உள்ளே இருக்கிற வண்டி வெளியேறினால்தான் அடுத்த வண்டிக்கு இடம். நுழைகிறவர்கள் முண்டியடித்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியேற முடியாது. அவர்கள் வெளியேறாவிட்டால் நுழைந்தவர்களும் நகர முடியாது. நாலு பக்கமும் ஹாரன்தான் மிஞ்சும். ஐப்பசி முகூர்த்த நாளில் நம் ஊர்களில் எந்த ரவுண்டானாவில் நின்று பார்த்தாலும் இந்தக் காட்சி கிடைக்கும்.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கலும் இல்லை. 1900-களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலும் பாரிஸிலும் வட்டச் சந்திப்புகள் வந்தபோதே, யாருக்கு முன்னுரிமை என்பது சரியாகத் தீரவில்லை. பல நாடுகளில் நுழைகிறவருக்கே வழிவிடும் வழக்கம் இருந்தது. வண்டிகள் பெருகப் பெருக வட்டங்கள் பூட்டு விழுந்த மாதிரி இறுகிப்போயின. பிரிட்டனில் ஃபிராங்க் பிளாக்மோர் என்ற போக்குவரத்துப் பொறியாளர் பல சோதனைகள் செய்து, 'உள்ளே இருப்பவருக்கே வழி' என்றால் வட்டம் இறுகாது என்று காட்டினார். 1966 நவம்பரில் அது அங்கே விதியானது. அதன் பிறகுதான் ரவுண்டானா உலகம் முழுக்க மறுபடி பரவியது. பாரிஸில் பன்னிரண்டு சாலைகள் சந்திக்கிற வெற்றி வளைவில் இன்றும் பழைய வழக்கம்தான், நுழைகிறவருக்குத்தான் முன்னுரிமை. அங்கே ஓட்டுகிறவர்களின் தைரியத்தைப் பாராட்டலாம், பின்பற்ற வேண்டாம்.

'ரவுண்டானா' என்ற நம் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. சென்னையில் இன்று அண்ணா சிலை நிற்கும் சந்திப்புக்கு முன்பு 'ரவுண்ட் டாணா' என்று பெயர். டாணா என்றால் போலீஸ் நிலையம். அதிலிருந்துதான் இந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது என்று சொல்வார்கள். போலீஸின் பெயரோடு பிறந்த ஒன்று, போலீஸே இல்லாமல் ஓட வேண்டியது என்பது வேடிக்கைதான்.

எந்தப் பக்கம் நிற்பது, எப்போது கை காட்டுவது?

டீக்கடையில் உட்கார்ந்தபடியே சித்திக்குச் சொன்னதை அப்படியே இங்கே சொல்கிறேன். ரவுண்டானா வருவதற்கு ஐம்பது மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். குறைக்க வேண்டியது முன்பு, வளைவுக்குள் போன பிறகு இல்லை. வளைவில் பிரேக்கை அழுத்தினால்தான் இருசக்கர வண்டி சறுக்கும். அறுவடை மாதங்களில் மூட்டையிலிருந்து சிந்திய நெல் அந்த வளைவில்தான் பரவிக் கிடக்கும். ஈர ரோட்டில் கிடக்கும் நெல்மணி, பாசி படிந்த படித்துறை மாதிரி வழுக்கும்.

முதல் சாலையிலேயே இடது பக்கம் பிரிகிறவர் தொடக்கத்திலிருந்தே இடது ஓரமாக வந்து, இடது இண்டிகேட்டர் போட்டு, அப்படியே பிரிந்துவிடலாம். நேராகப் போகிறவரும் இடது பக்கத் தடத்திலேயே போகலாம். ஆனால் நுழையும்போது இண்டிகேட்டர் வேண்டாம். தான் பிரிய வேண்டிய சாலைக்கு முந்திய சாலையைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டரைப் போட வேண்டும். வலது பக்கச் சாலைக்குப் போகிறவரும், வந்த வழியே திரும்புகிறவரும் வலது இண்டிகேட்டரோடு நுழைந்து, நடுத்திட்டை ஒட்டிச் சுற்ற வேண்டும். வெளியேறுவதற்கு முன் கண்ணாடியில் பார்த்து, இடது இண்டிகேட்டர் போட்டு, மெல்ல ஓரத்துக்கு வர வேண்டும்.

"அப்போ வெளியே வர்றப்போ எல்லாரும் இடது பக்கம்தான் இண்டிகேட்டர் போடணுமா?" என்று கேட்டார் சித்தி. ஆமாம், எல்லோரும்தான். நம் ஊரில் யாருமே செய்யாதது இதுதான். எதிரில் காத்திருப்பவர் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்துத்தான் 'இவர் வெளியேறுகிறார், நாம் நுழையலாம்' என்று தெரிந்துகொள்கிறார். நேராகப் போவதற்கு 'ஹசார்ட்' விளக்கு நாலையும் எரியவிடுகிற பழக்கம் கார்காரர்களிடம் இருக்கிறது. அது பழுதாகி நிற்கிற வண்டிக்கான விளக்கு. பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு பக்க விளக்குதான் தெரியும், நீங்கள் திரும்பப் போவதாகவே நினைத்துக்கொள்வார்.

பிரிய வேண்டிய சாலையைத் தவறவிட்டால்? சட்டென்று வெட்டித் திரும்பாதீர்கள், பின்னால் எடுக்காதீர்கள், நிற்கவும் வேண்டாம். இன்னொரு சுற்றுப் போய் வந்துவிடுங்கள்.

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், மன்னார்குடிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார். விடுமுறைக்கு வந்ததும் வாடகைக் காரை எடுத்து ஓட்டுவார்கள். அவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. துபாயில் சாலையின் வலது பக்கம் ஓட்டுகிறோம், வட்டத்தை இடஞ்சுழியாகச் சுற்றுகிறோம், பார்ப்பது இடது பக்கம். இங்கே எல்லாமே தலைகீழ். என் பெரியம்மா மகன் பத்து வருடம் அங்கே டிரைவர். ஊருக்கு வந்தால் முதல் மூன்று நாள் வண்டியைத் தொடமாட்டான். "கண்ணு மறக்கறதுக்கு மூணு நாளாவுது" என்பான்.

வைக்கோல் லாரியும் ஆழித் தேரும்

திருவாரூரில் ஆழித் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? அவ்வளவு பெரிய தேர் நினைத்த மாத்திரத்தில் வளைந்துவிடாது. முட்டுக்கட்டை போட்டுப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். அந்த நேரத்தில் சக்கரத்துக்கும் வீதி ஓரத்துக்கும் நடுவில் யாரையும் நிற்க விடமாட்டார்கள். ரவுண்டானாவில் பஸ்ஸும் லாரியும் திரும்புவதும் அப்படித்தான். நீளமான வண்டியில் முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நுழையும்போதும் வெளியேறும்போதும் பஸ் இடது பக்கம் வளைகிறது. அந்தச் சமயம் அதன் இடது பக்கத்தில், சாலை ஓரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர் புகுந்தால், இடைவெளி கண்ணெதிரே சுருங்கிக்கொண்டே வரும். டிரைவர் கண்ணாடியில் அந்த இடம் தெரியாது. பஸ்ஸுக்குப் பின்னால் நின்று, அது போன பிறகு போவதுதான் வழி.

டெல்டாவில் இதை இன்னும் கவனிக்க வேண்டிய மாதங்கள் இரண்டு தடவை வருகின்றன. குறுவை அறுவடை புரட்டாசி ஐப்பசியில், சம்பா அறுவடை தை மாசியில். வெளி மாவட்டங்களிலிருந்து அறுவடை மெஷின்கள் வரும். நெல் மூட்டை லாரிகள் ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்கு வரிசை கட்டும். டிரெய்லரின் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வைக்கோல் போகும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஓட்டுகிறவருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று ஒன்றுமே தெரியாது. இண்டிகேட்டரும் வைக்கோலுக்குள் மறைந்திருக்கும். அதை ரவுண்டானாவுக்குள் முந்தப் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னாலிருந்து சைக்கிளோ ஆளோ வெளிப்படலாம். டிராக்டர்காரர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: டிரெய்லரின் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுவது. செலவு மிகக் குறைவு. விடிகாலைப் பனியில் மாசி மாத ரோட்டில் அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும்.

தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டெல்டா முழுவதிலிருந்தும் ஆம்புலன்ஸ் வருகிறது. ராமநாதன் ரவுண்டானா பக்கம் கொஞ்ச நேரம் நின்றாலே சைரன் காதில் விழும். ரவுண்டானாவுக்குள் நீங்கள் இருக்கும்போது சைரன் கேட்டால் அங்கேயே பிரேக் போட்டு நிற்கக் கூடாது. நின்றால் வட்டமே அடைத்துக்கொள்ளும், ஆம்புலன்ஸும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். உங்கள் சாலையில் வெளியேறிப் போய் ஓரம் கட்டுங்கள். நுழையக் காத்திருப்பவர்கள் நுழையாமல் நிற்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பது சட்டம்.

நடந்து போகிறவர்களுக்கு ஒன்று. நடுத்திட்டைத் தொட்டுக் குறுக்கே கடக்காதீர்கள். வட்டத்துக்குள் நுழைகிற சாலையில், கொஞ்சம் தள்ளி, நடுவில் பிரிப்புத் திட்டு இருக்கும் இடத்தில் கடந்தால் ஒரு சமயத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் பார்த்தால் போதும்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு ரவுண்டானா நல்லதா கெட்டதா என்றால், நல்லதுதான். சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று சந்திக்கிற முட்டுமிடங்கள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் அவை 8. அந்த எட்டிலும் நேருக்கு நேராகவோ பக்கவாட்டில் நெஞ்சைக் குறிவைத்தோ மோதல் நடக்காது, உரசல்தான். எல்லோரும் வளைந்தே ஆக வேண்டும் என்பதால் வேகமும் தானாகக் குறையும். வேகம் பாதியானால் மோதலின் வலு கால் பங்காகிவிடும். அமெரிக்காவில் கார்மெல் என்ற ஊர் 150-க்கும் மேல் ரவுண்டானா கட்டி வைத்திருக்கிறது. ஆனால் எல்லா இடத்துக்கும் இது சரிவராது. எல்லாப் பக்கமும் சேர்த்து மணிக்குச் சுமார் 3,000 வண்டிகள் வரைதான் ஒரு ரவுண்டானா தாங்கும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் தன் வழிகாட்டியில் கணக்குச் சொல்லியிருக்கிறது. சென்னையில் ஜெமினி ரவுண்டானா இருந்த இடத்தில் 1973-ல் மேம்பாலம் வந்தது இந்த மாதிரி நெரிசலால்தான்.

ஓட்டுகிறவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எத்தனையோ ரவுண்டானாக்களில் காதுகுத்து, கல்யாணம், பிறந்தநாள், கட்சி மாநாடு என்று ஃப்ளெக்ஸ் சுற்றி நிற்கிறது. வலது பக்கம் பார் என்று நான் சொல்கிறேன். பார்த்தால் பேனரில் ஒரு தாய்மாமன் கைகூப்பிச் சிரிக்கிறார். வண்டி தெரிவதில்லை.

டீக்கடைப் பாடத்துக்கு அடுத்த வாரம், விடிகாலை ஆறு மணிக்குச் சித்தி முதல் முறையாக அந்த ரவுண்டானாவுக்குள் நுழைந்தார். நுழைவாயிலில் காலை ஊன்றி நின்று வலது பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் என்னிடம் சொன்னார்: "அடிச்சா அடிச்சுட்டுப் போறான். நான் படுத்துட்டா அவனா வந்து சோறு ஊட்டப் போறான்?"

போன மாதம் சித்தப்பாவைக் கால் பரிசோதனைக்குப் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போனார். நான் பின்னால் என் வண்டியில். ரவுண்டானாவில் பிரிய வேண்டிய சாலைக்கு வந்தபோது ஒரு நெல் லாரி பக்கத்திலேயே வர, இடது பக்கம் போக முடியவில்லை. சித்தி பதறாமல் வட்டத்திலேயே தொடர்ந்தார்.

"என்ன, இன்னொரு பிரதட்சணமா?" என்று சித்தப்பா கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

"கோயில்ல மூணு சுத்துவீங்கல்ல? பேசாம உட்காருங்க."